நாலு வரிசை நாத்து, ரெண்டு பக்கக் கட்டுரை

நவரை நடவு முடிஞ்சு இப்பத்தான் உக்கார நேரம் கிடைச்சுது. அதான் ரெண்டு வாரமா எதுவும் எழுதலை.

பொங்கலுக்கு என் தம்பி பொண்ணு சென்னையில இருந்து வந்திருந்தா. ஐ.பி.ன்னு ஒரு சர்வதேசப் பாடத்திட்டத்துல படிக்கிறா, நம்ம ப்ளஸ் ஒன் மாதிரி. "அது பணக்காரப் பசங்க படிப்பு, நோகாம மார்க் போடுவாங்க"ன்னு டீக்கடையில ஒருத்தர் சொன்னார். ராத்திரி ஒரு மணிக்கு எங்க திண்ணையில லேப்டாப்போட உக்காந்து அவ கண்ணைக் கசக்கினதை அவர் பாத்திருக்கணும்.

விசாரிச்சேன். 1968-ல ஜெனீவாவுல ஆரம்பிச்சது. இந்தியாவுக்கு முதல்ல வந்ததே நம்ம கொடைக்கானல் பள்ளிக்கூடத்துக்குத்தான், 1976-ல. ரெண்டு வருசம், ஆறு பாடம், பாடத்துக்கு 7 மார்க். மேல 3 சேத்து மொத்தம் 45. அது போதாதுன்னு, தானே ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுத்து நாலாயிரம் வார்த்தைக்குள்ள ஆராய்ச்சிக் கட்டுரை எழுதணும். உடம்பு உழைப்பு, ஊருக்குச் சேவைன்னு தனியா ஒரு பகுதி. அதுக்கு மார்க் கிடையாது, ஆனா முடிக்கலைன்னா பட்டயமும் கிடையாது.

அந்தச் சேவைக்காக, "நானும் நாத்து நட வரேன் பெரியப்பா"ன்னா. நட்டது நாலு வரிசை. போட்டோ எடுத்துக்கிட்டா. என்ன கத்துக்கிட்டேன்னு எழுதினது ரெண்டு பக்கம்! நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். என் மகன் பத்து வயசுல இருந்து சேத்துல நிக்கிறான், ஒருத்தரும் போட்டோ எடுக்கலையே.

அப்புறம் அந்த ரெண்டு பக்கத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். சிரிப்பு போச்சு. ஏன் ரெண்டு மூணு நாத்தா சேத்து நடுறோம், நடவாளுங்களுக்கு ஏன் முதுகு போகுதுன்னு யோசிச்சு எழுதியிருந்தா. என் மகனுக்கு இதெல்லாம் அவளைவிட நல்லாத் தெரியும். எந்த மதகைத் திறந்தா எந்தக் கழனிக்குத் தண்ணி போகும்னு கேட்டா கண்ணை மூடிக்கிட்டுச் சொல்வான். ஆனா ப்ளஸ் டூ பரிட்சையோட 600 மார்க்குல அதை யாரும் கேக்கலை. கைடுல இருந்ததைக் கேட்டாங்க, அவன் மனப்பாடம் பண்ணினதை எழுதினான்.

என் கோபம் அந்தப் பொண்ணு மேல இல்ல. தூக்கத்தைக் கெடுக்கிற அந்தச் சுமையும் எனக்குப் பிடிக்கலை. ஆனா சொந்தமா ஒரு கேள்வி கேட்டு, மாசக்கணக்குல தோண்டிப் பாக்கிற வாய்ப்பு லட்சக்கணக்குல பணம் கட்டறவன் பிள்ளைக்கு மட்டும்னா, அது என்ன நியாயம்?

இது நம்ம ஊருக்குப் புதுசும் இல்ல. ஏழாம் நூற்றாண்டுல பரமேசுவர பல்லவன் பாலாத்துல இருந்து கால்வாய் வெட்டி இங்க ஏரி அமைச்சதையும், மண்டபத்துல பாரதம் வாசிக்க ஒரு பங்கு ஒதுக்கினதையும் கூரம் செப்பேடு சொல்லுது. தண்ணி மாதிரி படிப்பும் ஊருக்குப் பொதுன்னு நினைச்சிருக்கான். அந்தக் கால்வாய் எந்த வழியா வந்துது, இப்ப எங்க தூந்து கிடக்குது? ஒரு பிள்ளை ஒரு வருசம் தேடி எழுதலாமே! அதுக்கு லேப்டாப் வேணாம். நோட்டும், சைக்கிளும், நாலு கிழவங்களும் போதும்.

"வாத்தியாருக்கு நேரம் இல்ல"ம்பாங்க. நெசந்தான். பத்து கட்டுரை படிக்க அவருக்கு நேரம் கொடுங்கன்னுதான் நானும் சொல்றேன்.

பள்ளி மேலாண்மைக் குழுவோட அடுத்த கூட்டத்துல இதைக் கேக்கப் போறேன். ப்ளஸ் ஒன் பிள்ளைக்கு ஆளுக்கு ஒரு கேள்வி, ஒரு வருசம். படிக்கிற நீங்களும் உங்க ஊர்ல கேளுங்க.