சாந்தாவை சாமியாக்காதீர்கள்!

டாக்டர் வி. சாந்தாவின் பெயர் வந்தாலே போதும், ஆரம்பித்துவிடுவார்கள். தெய்வம், தியாகச் சுடர், கருணைக் கடல்... இத்யாதி இத்யாதி. படித்துவிட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அடுத்த பக்கம் புரட்டிவிடலாம். ரொம்ப வசதி!

கொஞ்சம் கணக்குப் பார்க்கலாமா?

1927ல் மயிலாப்பூரில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1949ல் எம்.பி.பி.எஸ்., 1955ல் எம்.டி. அரசு மருத்துவமனை வேலைக்குத் தேர்வாகியும் அதை உதறிவிட்டு, அதே 1955ல் அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டில் சேர்ந்தார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அதைத் தொடங்கி அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. மொத்தமே 12 படுக்கைகள். முதல் மூன்று வருடம் சாந்தாவுக்குச் சம்பளம் கிடையாது. பிறகு மாதம் 200 ரூபாய், வளாகத்திலேயே ஜாகை.

இந்த 200 ரூபாயைத்தான் மேடைக்கு மேடை சொல்லிச் சிலிர்க்கிறார்கள். இதில் சிலிர்க்க என்ன இருக்கிறது? டாக்டருக்குச் சம்பளம் கொடுக்கக்கூட வழியில்லாமல் ஒரு ஆஸ்பத்திரியை ஊர் விட்டுவைத்திருந்தது. அவருக்கு அது பெருமை. ஊருக்கு?

தியாகத்தால் மட்டும் ரத்தப் புற்றுநோய் குணமாகிவிடாது சார். குழந்தைகளுக்கு அதிகம் வரும் லிம்போபிளாஸ்டிக் ரத்தப் புற்றை எடுத்துக்கொள்ளுங்கள். 1970களில் பெரிய மையங்களில் சிகிச்சை எடுத்தும், நோய் திரும்பாமல் தப்பியவர்கள் 20 சதவீதத்துக்கும் குறைவு. 1984ல் தொடங்கிய எம்சிபி-841 என்ற சிகிச்சை முறையை அடையாறு, மும்பை டாடா, டெல்லி எய்ம்ஸ் மூன்றும் பின்பற்றின. எந்த மருந்து, எத்தனையாவது நாள், எவ்வளவு என்று எல்லோருக்கும் ஒரே அட்டவணை. கூடவே தொற்று வராமல் பார்த்துக்கொள்ளும் பராமரிப்பு. நான்கு வருடம் கழித்துப் பார்த்தால், 45 முதல் 60 சதவீதம் பேர் நோய் திரும்பாமல் இருந்தார்கள். 2005ல் வந்த அந்த ஆய்வுக் கட்டுரையில் சாந்தாவின் பெயரும் இருக்கிறது.

இதைச் சாதித்தது பதிவேடு, மருந்து, பயிற்சி பெற்ற ஆட்கள். மூன்றுக்கும் காசு வேண்டும்.

"அவர் விரும்பித்தானே எளிமையாக வாழ்ந்தார்?" என்பார்கள். ஆமாம், அது அவர் இஷ்டம். அதற்காக ஒரு மனுஷியின் எளிமையை ஊரே பட்ஜெட்டாக எழுதி வைத்துக்கொள்வதா? கடன் வாங்கி மருத்துவம் படித்து முடித்தவரிடம் போய் "சாந்தா மாதிரி இரு" என்று அட்வைஸ் பண்ணுவது சுத்தப் போங்கு. வட்டியை யார் கட்டுவது?

2005ல் மகசேசே, 2016ல் பத்ம விபூஷண், 2021ல் அவர் மறைந்தபோது மாலை மரியாதை. எல்லாம் ஆயிற்று. தி.நகரில் கல்யாணப் பட்டுக்கு யோசிக்காமல் அள்ளி வீசும் ஊருக்கு, ஆஸ்பத்திரி நன்கொடை ரசீது என்றால் மட்டும் கை வராது.

சாமியிடம் வரம்தான் கேட்கலாம். அரசிடம் கணக்குக் கேட்கலாம். அடுத்த சாந்தா எப்போது பிறப்பார் என்று காத்திருக்காமல், இப்போது வார்டில் நிற்கும் டாக்டருக்கும் நர்சுக்கும் ஒழுங்கான சம்பளம் எங்கே, ஆராய்ச்சிக்குப் பணம் எங்கே என்று கேளுங்கள் மக்களே!