ஒரு தமிழ் நூலை இரவல் பெறுங்கள்

நூலகர் என்றால் நாள் முழுவதும் புத்தகம் படிப்பவர் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில், திரும்பி வந்த நூல்களை அடுக்குவதிலும் அச்சுப்பொறியில் சிக்கிய தாளை எடுப்பதிலுமே என் பொழுது போகிறது.

எனக்குப் பிடிக்காத வேலை ஒன்று உண்டு. நெடுநாள் யாரும் இரவல் பெறாத நூல்களை அடுக்கிலிருந்து நீக்குவது. புதிய நூல்களுக்கு இடம் வேண்டுமே! 894.811 என்று எண்ணிட்ட தமிழ் இலக்கிய அடுக்குக்கு வரும்போது கை தயங்கும். அண்மையில் நீக்கிய ஒரு சிறுகதைத் தொகுப்பு நம் சிங்கப்பூர் எழுத்தாளருடையது. பக்கங்கள் கசங்காமல் புதிதாகவே இருந்தன. அதுதான் வலித்தது.

நூல்கள் பூட்டி வைப்பதற்கல்ல, பயன்படுத்துவதற்கே என்று வலியுறுத்தியவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். நூலகவியலின் ஐந்து விதிகளை 1931இல் நூலாக வெளியிட்ட தமிழர் அவர். கணிதம் கற்பித்துவிட்டு நூலகரானவர்.

மாணவர்களே, தேர்வுக் காலத்தில் நூலக மேசைகளை நிரப்புகிறீர்கள், மகிழ்ச்சி. வீடு திரும்பும்போது ஒரு தமிழ் நூலையும் எடுத்துச் செல்லுங்கள். எந்த நூலை வைத்துக்கொள்வது என்று முடிவெடுக்கும் நாளில், ‘இதைப் படிக்க ஆள் இருக்கிறது’ என்று நான் காட்டக்கூடிய சான்று உங்கள் இரவல் பதிவுதான்.