தலை எண்ணித் தோட்டப் பாடசாலைகளை மூடாதீர்கள்

மாணவர் தொகை குறைந்த பாடசாலைகளை மூடி, பக்கத்திலுள்ள பெரிய பாடசாலைகளோடு இணைக்கலாம் என்று பேசப்படுகிறது. மலையகத் தோட்டங்களில் இதைச் செய்வதை எமது அமைப்பு எதிர்க்கிறது.

சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்தபோது, 1945இல், இலங்கைக்கு இலவசக் கல்வி வந்தது. நகரங்களுக்கு வெளியே மத்திய பாடசாலைகள் எழுந்தன. 1980இல் இலவசப் பாடநூல், 1993இல் சீருடை. படிக்கப்போன கிராமத்துப் பெண்பிள்ளைகள் தாதியாகவும் ஆசிரியையாகவும் ஊர் திரும்பினார்கள். நம்மைவிட வசதியான நாடுகள் பலவற்றைச் சிசு மரணக் குறைப்பில் நாம் முந்தியதற்கு, எழுதப் படிக்கத் தெரிந்த தாய்மார் முக்கிய காரணம்.

அதற்கான அந்நியச் செலாவணியில் பெரும் பங்கைத் தேடித்தந்தது தேயிலை. கொழுந்து பறித்தவர்களின் பிள்ளைகளோ வெளியே நின்றார்கள். தோட்டப் பாடசாலைகள் நிர்வாகங்களின் கையிலேயே விடப்பட்டன. பெரும்பாலும் ஓர் அறை, ஓர் ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு சரி. 1948இல் குடியுரிமையும் பறிபோனது. அரசு அப்பாடசாலைகளைப் படிப்படியாகப் பொறுப்பேற்றது 1970களில்தான். இவ்வளவு பிந்தித் தொடங்கிய சமூகத்தில், விடியுமுன் எழுந்து, வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஓடும் தாய், பிள்ளையின் சப்பாத்தை முந்தின இரவே துடைத்து வைத்துவிட்டுத்தான் படுக்கிறாள். இன்று மலையகத்திலிருந்து வரும் ஆசிரியர்களும் பட்டதாரிகளும் அந்தத் தாய்மாரின் பிள்ளைகள்.

பக்கத்துப் பாடசாலைக்கு மலையில் இரண்டு கிலோமீட்டர் என்பது ஏற்றமும் இறக்கமும், மழை நாளில் மண்சரிவும், தேயிலைக்குள் குளவிக்கூடும். ஆறு வயதுப் பிள்ளையை அந்த வழியில் தனியே அனுப்ப எந்தப் பெற்றோருக்கும் மனம் வராது. கூட்டிப்போய் விடுவதென்றால் ஒருவரின் நாட்சம்பளம் போகும்.

சிறிய பாடசாலைகளின் குறைகளை நாங்கள் மறைக்கவில்லை. கணித, விஞ்ஞான ஆசிரியர்கள் இல்லாததால்தான் முடிந்தவர்கள் பிள்ளைகளை நகரத்துக்கு அனுப்புகிறார்கள். அதனால் குறைந்த தொகையைக் காட்டியே பாடசாலையை மூடினால், மிச்சமிருப்பது மிக வறிய வீட்டுப் பிள்ளைகள், இழப்பும் அவர்களுக்கே.

ஆகவே, தரம் 1 முதல் 5 வரை எந்தத் தோட்டத்திலிருந்தும் அகற்றப்படக் கூடாது. மேல் வகுப்புகளை இணைத்தே தீரவேண்டுமானால், முதலில் இலவச பஸ் ஓட வேண்டும். ஓராண்டு ஒழுங்காக ஓடிய பிறகே இணைப்பைப் பற்றிப் பேசலாம். முடிவெடுக்குமுன் வலயக் கல்விப் பணிமனைகள் அந்தந்தத் தோட்டத்துப் பெற்றோரைக் கேட்க வேண்டும். அந்தக் கூட்டத்தைக் கொழுந்து நிறுத்து முடிந்த மாலையில் வையுங்கள். அப்போதுதான் தாய்மாரால் வர முடியும்.