அறுபதுக்கு அப்புறம் ஊழியமா, ஓய்வா?

கல்பாக்கம், அணுபுரம் டவுன்ஷிப்களில் மாதக் கடைசி என்றால் யாராவது ஒருவருக்குப் பிரிவு உபசார விழா நிச்சயம். சால்வை, மாலை, குரூப் போட்டோ, "இனிமே நிம்மதியா ரெஸ்ட் எடுங்க சார்" என்ற வாழ்த்து. மத்திய அரசு வேலை என்பதால் 60 வயதில் ஓய்வு (1998 வரை 58 தான்). சில மாதங்களில் குவார்ட்டர்ஸையும் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட வேண்டும். கிராஜுவிட்டி வந்துவிட்டதா, தாம்பரம் பக்கம் ஃப்ளாட் வாங்கியாயிற்றா என்று எல்லோரும் விசாரிப்பார்கள். அடுத்த இருபது வருடத்தை என்ன செய்யப் போகிறீர்கள் என்று மட்டும் ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

காமர்ஸ் படிப்பவர்களுக்கு இது பழகின கணக்கு. ஒரு இயந்திரத்துக்கு வருடா வருடம் தேய்மானம் கழித்துக்கொண்டே வந்தால் ஒரு நாள் ஏட்டில் அதன் மதிப்பு பூஜ்ஜியமாகிவிடும். ஏட்டில்தான். இயந்திரம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். கல்பாக்கத்திலேயே இதற்கு ஒரு வேடிக்கையான உதாரணம் இருக்கிறது. அங்குள்ள சோதனை வேக ஈனுலை முதலில் இயங்கத் தொடங்கியது 1985 அக்டோபரில். அது தன் முழுத் திறனான 40 மெகாவாட் வெப்பத்தை எட்டியது எப்போது தெரியுமா? 2022 மார்ச்சில். 36 வருடம் கழித்து! மனிதனாக இருந்திருந்தால் அதற்குள் சால்வை போட்டு அனுப்பியிருப்பார்கள்.

ஆபீஸ் அப்படிச் செய்வதில் தப்பில்லை. அதற்கு விதிமுறை இருக்கிறது. ஆனால் திருச்சபையும் அதே ஏட்டைத்தான் வைத்திருக்கிறது என்பதுதான் வருத்தம். சிறுவர்களுக்கு ஓய்வுநாள் பள்ளி, வாலிபர்களுக்கு வாலிபர் கூட்டம், பெண்களுக்கு ஐக்கிய சங்கம். அறுபதைத் தாண்டியவர்களுக்கு? வருடத்தில் ஒரு முதியோர் ஞாயிறு. அன்றைக்கும் ஒரு சால்வை. கொஞ்சம் சுறுசுறுப்பானவராக இருந்தால் கமிட்டித் தேர்தலில் நின்று செயலாளர் ஆகலாம், பொருளாளர் ஆகலாம், பிறகு அடுத்த மூன்று வருடத்துக்கு எதிரணியோடு சண்டை போடலாம். இதுவா ஒரு மனிதனின் பின்பாதிக்குக் கடவுள் வைத்திருக்கும் திட்டம்?

பிரசங்கங்களில் மட்டும் காலேப் தவறாமல் வருவார். 85 வயதில், சமவெளியை விட்டுவிட்டு ராட்சதர்கள் குடியிருக்கிற மலைநாட்டைக் கேட்டு வாங்கிய காலேப். 75 வயதில் ஊரை விட்டுக் கிளம்பிய ஆபிரகாமும் வருவார். பிரசங்கம் முடிந்ததும் அதைக் கேட்டுக்கொண்டிருந்த 61 வயதுக்காரரை "உடம்பைப் பார்த்துக்கோங்க" என்று அனுப்பிவைப்பார்கள்.

சரி, காலேப் வேண்டாம். இந்த வட்டாரத்தில் வாழ்ந்த ஒருவரையே பார்க்கலாம். லெஸ்லி நியூபிகின். 1936-ல் ஸ்காட்லாந்து சபையின் மிஷனரியாக சென்னைக்கு வந்தவர். வந்த கொஞ்ச நாளிலேயே பஸ் விபத்தில் கால் நொறுங்கி ஊருக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. 1939-ல் மறுபடி வந்து காஞ்சிபுரத்தில் வேலை பார்த்தார். அங்கே ராமகிருஷ்ண மடத்தில் துறவிகளோடு தரையில் உட்கார்ந்து உபநிஷதமும் யோவான் சுவிசேஷமும் மாறி மாறிப் படித்திருக்கிறார் (இந்தக் காலத்தில் இதை இரண்டு பக்கமுமே அனுமதிக்காது என்பது வேறு விஷயம்). 1947-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, 37 வயதிலேயே பிஷப். 1965 முதல் 1974 வரை சென்னைப் பேராயர். கல்பாக்கத்தில் அணுமின் நிலையத்துக்கு அஸ்திவாரம் போட்டுக்கொண்டிருந்த காலத்தில், செங்கல்பட்டு வட்டாரத்து சி.எஸ்.ஐ. சபைகளுக்கு இவர்தான் பிஷப்.

1974-ல், 64 வயதில் ஓய்வு பெற்றார். நியாயமாக விமானத்தில் ஏறி இங்கிலாந்து போய் தோட்டத்தில் ரோஜா வளர்த்திருக்கலாம். அவரும் அவர் மனைவி ஹெலனும் இரண்டு பெட்டி, ஒரு முதுகுப் பையோடு, கிடைத்த பஸ்ஸில் ஏறி தரைவழியாகவே ஊர் போய்ச் சேர்ந்தார்கள். வழியில் துருக்கியின் கப்பதோக்கியாவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஒரு காலத்தில் திருச்சபை செழித்திருந்த அந்த இடத்தில் அன்று ஆராதனை நடத்த அவர்கள் இருவரைத் தவிர வேறு ஆளில்லை.

இங்கிலாந்தில் ஐந்து வருடம் இறையியல் கற்பித்தார். அப்புறம் செய்ததுதான் முக்கியம். பர்மிங்ஹாம் நகரத்தில் வின்சன் கிரீன் என்று ஏழைகளும் குடியேறிகளும் வாழும் பகுதி. அங்கே சிறைச்சாலைக்கு எதிரே ஒரு சின்ன சபை. ஆள் குறைந்துபோய், மூடிவிடலாமா என்ற பேச்சு நடந்தது. மூடக்கூடாது என்று வாதாடிய நியூபிகின், கடைசியில் தானே அதன் போதகராகப் பொறுப்பேற்றார். அப்போது அவருக்கு 70 வயது. ஒரு பேராயத்தையே நடத்திய மனிதர், கைவிரலில் எண்ணிவிடக்கூடிய சபையாரை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினார். சென்னைச் சேரிகளில்கூடப் பார்த்த நம்பிக்கையை இங்கிலாந்தில் காணவில்லையே என்ற அதிர்ச்சி அவருக்கு இருந்தது. அந்த அதிர்ச்சி 1983-ல் ஒரு சிறு புத்தகமாக வந்தது. மேற்கத்திய சமுதாயமே இன்று ஒரு மிஷன் களம் என்று அவர் சொன்னதைத்தான் உலகமெங்கும் இறையியல் கல்லூரிகள் இன்றும் படிக்கின்றன. 1985-ல் சுயசரிதை எழுதினார். அவருடைய மிகப் பிரபலமான புத்தகம் அதற்கும் பிறகு, 1989-ல்தான் வந்தது.

இதில் கவனிக்க வேண்டியது சுறுசுறுப்பு அல்ல, பதவியை அவர் விட்ட விதம். கல்பாக்கம்காரர்களுக்கு இது நன்றாகப் புரியும். அங்கே ஒருவர் எந்த கிரேடு என்பதை அவர் குடியிருக்கும் குவார்ட்டர்ஸின் டைப்பை வைத்தே சொல்லிவிடலாம். ஓய்வு பெறும்போது உண்மையில் வலிப்பது சம்பளம் குறைவதல்ல, பென்ஷன் இருக்கிறது. முன்பு எழுந்து நின்றவர்கள் இப்போது எழுந்து நிற்பதில்லை என்பதுதான் வலி. அந்த இடத்தை நிரப்பத்தான் பலர் சபைக் கமிட்டிக்குள் வருகிறார்கள். இன்னும் சிலர் ஒரு ஷெட் பிடித்து, மைக் வாங்கி, போர்டு மாட்டித் தனிச்சபையே தொடங்கிவிடுகிறார்கள். ஊழியம் என்றால் மைக் பிடிப்பதுதான் என்று யார் சொன்னது?

"அவர் பிஷப், வெள்ளைக்காரர், நமக்கு எப்படி?" என்று கேட்கலாம். பாளையங்கோட்டை எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை தமிழ் வாத்தியார்தானே. அவருடைய இரட்சணிய யாத்திரிகம் நூலாக வந்தது 1894-ல், அவருக்கு 67 வயதில். பக்கத்துத் திண்டிவனத்தில், ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்ததைப் பார்த்து டாக்டரான ஐடா ஸ்கடரையும் எடுத்துக்கொள்ளலாம். வேலூர்க் கல்லூரியை எம்.பி.பி.எஸ். தரத்துக்கு உயர்த்தாவிட்டால் மூட வேண்டும் என்ற நிலை வந்தபோது, எழுபதை எட்டிய வயதில் அமெரிக்கா போய் வருடக்கணக்கில் நிதி திரட்டியவர் அவர்.

இவ்வளவு பெரிதாகக்கூட வேண்டாம். சதுரங்கப்பட்டினத்திலும் சுற்றியுள்ள குப்பங்களிலும் பத்தாம் வகுப்புக் கணக்கில் தடுமாறும் பிள்ளைகள் இருக்கிறார்கள். முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுதத் தெரியாத பாட்டிகள் இருக்கிறார்கள். செங்கல்பட்டு அரசு ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு ஆளில்லாமல் போய், எந்த வரிசையில் நிற்பது என்று தெரியாமல் முழிப்பவர்கள் இருக்கிறார்கள். முப்பது வருடம் அணு உலையைக் கணக்குப் போட்டு ஓட்டிய ஒருவருக்கு இதெல்லாம் சின்ன வேலைதான். சின்ன வேலை என்பதால்தான் கஷ்டம்.

இன்னொன்று. அந்த வீட்டு அம்மாவுக்கு எந்தத் தேதியில் ஓய்வு? சார் ரிட்டயர் ஆனதும் அவருக்கு வேலை கூடுகிறது: பகலிலும் இரண்டு காபி அதிகம். ஊழியம், அழைப்பு என்ற பேச்சில் அவரிடமும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

கடைசியாகப் பிள்ளைகள். கல்லூரியில் படித்துக்கொண்டு இதை வாசிப்பவர்களுக்குத்தான் இது. அப்பா ஒரு நாள் தயங்கித் தயங்கி, "குப்பத்துப் பசங்களுக்கு சாயந்திரம் டியூஷன் எடுக்கலாம்னு இருக்கேன்" என்பார். "உங்களுக்கு எதுக்குப்பா இந்த வேலை, சும்மா இருங்க" என்று உடனே சொல்லிவிடுகிறோம். பாசத்தில்தான். ஆனால் அப்படிச் சொன்ன பிறகு அவர் மறுபடி அந்தப் பேச்சை எடுப்பதில்லை. டி.வி. ரிமோட்டை எடுத்துக்கொள்கிறார்.