விஸ்கியின் புகையும் அக்கானியின் புகையும்

ஸ்காட்லாந்தின் ஐலா தீவில் சதுப்பு நிலத்துப் பீட் கட்டிகளை எரித்து, அப்புகையில் முளைகட்டிய பார்லியை உலர்த்துவர். தானியத்தில் ஏறும் பீனால் சேர்மங்களே அங்குள்ள விஸ்கிக்குப் புகைமணம் தருகின்றன. 2019இல் வெளிவந்த ஆர்ட்பெக் டிரம் அத்தகைய விஸ்கியை ரம் பீப்பாயில் முதிரவைத்த ஒன்று. அதில் புகையையும் கரும்பின் இனிப்பையும் நாவால் பிரித்தறிவது கலையாக மதிக்கப்படுகிறது. மதிக்கட்டும். அதைப் பண்பாடு என வகைப்படுத்தும் கல்விப்புலம், பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லையோரச் சிற்றூர்களின் பனஞ்சாற்றை மட்டும் குடிப்பழக்கம், வறுமை ஆகிய தலைப்புகளுக்குள் அடைத்துவைப்பது ஏன்?

நுண்சுவை அறிவு இங்கு இல்லை என்பது பொய். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கினால் அக்கானி. தடவாத கலயத்தில் நொதித்தால் கள். பாளையின் முதிர்ச்சி, கலயத்தின் தூய்மை, இறக்கிய பொழுது, சுண்ணாம்பின் அளவு என ஒவ்வொன்றும் சுவையை மாற்றும். அக்கானியைக் காய்ச்சிக் கருப்பட்டியாக்கும்போது அடுப்பின் புகையும் அதில் படியும். ஐலாவின் புகை சுவைஞர்களின் குறிப்பேட்டில் ஏறியது. இந்த அடுப்பின் புகையோ அதன்முன் அமர்ந்த பெண்களின் கண்ணிலும் நெஞ்சிலும் மட்டுமே ஏறியது.

இந்த வேறுபாட்டின் வேர் நாவில் இல்லை, சாதியில் இருக்கிறது. பனையேறியின் ஏணிக்கும் கால் தளைக்கும்கூட ஏணிக்காணம், தளைக்காணம் என்று வரி தண்டியது திருவிதாங்கூர் அரசு. அச்சமூகத்துப் பெண்கள் மேலாடை உரிமைக்காக 1859 வரை போராட நேர்ந்தது. உழைப்பவரை இழிந்தவர் என்று வகுத்த சமூகம், அவர் இறக்கிய சாற்றுக்கு மட்டும் உயர்ந்த சொல்லை எப்படி வழங்கும்?

1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தமிழ்நாட்டுக்கு வந்தது. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கோரிய நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. கேரளத்தில் கள் உரிமம் பெற்ற கடைகளில் விற்கப்படும் பானம். களியக்காவிளையைக் கடந்தால் 1987 முதல் அதுவே குற்றம். அதே தமிழ்நாட்டின் மாநில மரம் பனை! 2003 முதல் அரசு நிறுவனமே கடை நடத்தி, கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து வடித்த, 42.8 விழுக்காடு ஆல்கஹால் கொண்ட ரம்மை விற்கிறது. கள்ளில் ஆல்கஹால் பத்து விழுக்காட்டைக்கூட எட்டுவதில்லை. ஆகவே தடைக்குக் காரணம் போதையின் அளவு என்ற வாதம் நிற்காது.

கள்ளில் கலப்படம் நிகழும் என்பர். நிகழ்வது உண்மையே, குடிநோயும் குடும்பங்களின் அழிவும் உண்மையே. ஆனால் 2024இல் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது கள்ளுத்தடை நடப்பிலுள்ள மாநிலத்தில்தான். கலப்படத்துக்குத் தீர்வு கண்காணிப்பும் தர வரையறையும். ஸ்காட்ச் விஸ்கிக்கு 2009ஆம் ஆண்டின் விதிகள் ஓக் பீப்பாய், குறைந்தது மூன்றாண்டு முதிர்வு, குறைந்தது 40 விழுக்காடு ஆல்கஹால் என்று வரையறுத்துக் காக்கின்றன. பனஞ்சாற்றுக்கு அத்தகைய வரையறையை எழுத இயலாது என்று எந்த அறிவியலும் சொல்லவில்லை.

கள்ளைப் புனிதப்படுத்த வேண்டியதில்லை. மரத்திலிருந்து விழுந்து முடமானவர்களின் வரலாற்றை மறைத்து எழுதும் பனைப் பெருமிதமும் பொய்யே. வேண்டுவது, பனையேறியை நலத்திட்டப் பயனாளியாக மட்டும் காணாமல் சுவையறிஞராகவும் கருதி எழுதப்படும் ஆய்வேடு. ஏறுபவர்கள் ஆண்டுதோறும் குறைந்துவருகின்றனர். அவர்களோடு அவர்களது சுவைச் சொற்களும் மறையுமானால், அந்த இழப்புக்கு மதுவிலக்குச் சட்டத்தோடு பல்கலைக்கழகங்களும் பொறுப்பேற்க வேண்டும்.