பிழையை வாக்கியமாக எறியாதீர்கள்

உள்ளே வரும் தரவு சரியில்லையா? ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதி எக்ஸெப்ஷனாக எறிந்துவிடு, படிக்கிறவர் புரிந்துகொள்வார், லைப்ரரியின் வேலை அதோடு முடிந்தது. நிரலாளர்களிடையே இந்த நம்பிக்கை எவ்வளவு இயல்பாகப் பரவியிருக்கிறது என்றால், இதை ஒரு நம்பிக்கை என்றுகூட யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆனால் இது தவறு. இதன் கேடு லைப்ரரியை எழுதியவரைச் சேர்வதில்லை. அதன்மேல் மென்பொருள் கட்டுகிறவர் தலையிலும், கடைசியில் படிவத்தை நிரப்புகிறவர் தலையிலும்தான் விடிகிறது.

ஒரு கடையின் கொள்முதல் ஆர்டர் ஜேசானாக வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 40 பொருட்கள். நான்காவது பொருளின் விலை இருக்க வேண்டிய இடத்தில் யாரோ வெறும் கோடு போட்டிருக்கிறார்கள். லைப்ரரி ‘விலை எண்ணாக இருக்க வேண்டும்’ என்கிறது. எந்தப் பொருளின் விலை? அனுப்பியவர் 40 வரிகளையும் அலச வேண்டும். 17ஆவது பொருளின் அளவும் தவறாக இருந்தால் அது இப்போது தெரியாது. விலையைத் திருத்தி மறுபடி அனுப்பினால்தான் தெரியும். எறிகிற வாக்கியம் ஒன்று, அதில் அடங்குகிற பிழையும் ஒன்று. தவறான கட்டத்தைத் திரையில் சிவப்பாகக் காட்ட வேண்டிய நிரலின் பாடு இன்னும் மோசம். அது வாக்கியத்துக்குள் ‘விலை’ என்ற சொல்லைத் தேடும், ரெகுலர் எக்ஸ்பிரஷன் போட்டுப் பிய்க்கும், அப்போதும் எந்த வரி என்று அதற்குத் தெரியாது.

இதே ஆர்டரைப் பைத்தானில் பைடான்டிக் என்ற லைப்ரரியிடம் கொடுத்தால் பிழைகளின் பட்டியல் கிடைக்கும். ஒவ்வொரு பிழைக்கும் இடம், வகை, செய்தி, உள்ளே வந்த மதிப்பு எல்லாம் தனித்தனிப் புலங்கள். இடம் என்பது ‘பொருட்கள், 3, விலை’ என்ற வரிசை. பூஜ்யத்திலிருந்து எண்ணுவதால் 3 என்றால் நான்காவது. இந்த வரிசையைப் புள்ளி வைத்து ஒட்டி ஒரே ஸ்ட்ரிங்காக்குவதும் கூடாது. புலத்தின் பெயருக்குள்ளேயே புள்ளி இருந்தால் எங்கே வெட்டுவது? ஜேசானுக்குள் ஓர் இடத்தைச் சுட்டும் ஜேசான் பாயின்டரை 2013இல் வரையறுத்த தர ஆவணமான ஆர்எஃப்சி 6901 சாய்கோட்டைப் பிரிப்பானாக வைத்தது. பெயருக்குள் சாய்கோடு வந்தால் எப்படி எழுதுவது என்பதையும் அதிலேயே விதித்தது. இடத்தைச் சொல்வதற்கே இவ்வளவு கவனம் வேண்டியிருக்கிறது. வாக்கியத்தில் அதற்கு ஏது இடம்?

வாக்கியத்தை நம்பிய நிரல் எப்படி உடையும் என்பதற்கும் பைடான்டிக்கே சான்று. 2023இல் இரண்டாம் பதிப்பு வந்தபோது, கட்டாயப் புலம் விடுபட்டதைச் சொல்லும் செய்தியின் முதல் எழுத்து சிறிய எழுத்திலிருந்து பெரிய எழுத்தானது. செய்தியை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்ட நிரல் உடைய அந்த ஓர் எழுத்தே போதும். வகைக் குறியீடுகளும் அப்போது மாறினவே என்று கேட்கலாம். மாறின. ஆனால் குறியீட்டை மாற்றுவது ஒப்பந்தத்தை மாற்றுவது. பெரும் பதிப்பில், அறிவித்துவிட்டுச் செய்ய வேண்டியது. செய்தியைத் தெளிவாக்கும் உரிமையோ எந்தச் சிறு பதிப்பிலும் லைப்ரரிக்கு இருக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கட்டிவைத்தால், எழுத்துப்பிழையைத் திருத்தக்கூடப் பயப்பட வேண்டிவரும். ஹெச்டிடிபி ஏபிஐகளின் பிழை வடிவத்தை வகுத்த ஆர்எஃப்சி 9457, விளக்க வாக்கியத்தைப் பிய்த்துத் தகவல் எடுக்க வேண்டாம் என்று வெளிப்படையாகவே சொல்கிறது.

தமிழில் செயலி செய்கிறவர்களை இந்த நம்பிக்கை இரட்டிப்பாக வதைக்கிறது. புலத்தின் பெயர், அதன்பின் குறை: இப்படி ஒட்டினால் ஆங்கிலத்தில் பெரும்பாலும் வாக்கியம் அமைந்துவிடும். ‘ஓர் எண்ணாவது இருக்க வேண்டும்’ என்பதைத் தமிழில் ஒட்டிப் பாருங்கள். கடவுச்சொல் ‘கடவுச்சொல்லில்’ ஆக வேண்டும், முகவரி ‘முகவரியில்’ ஆக வேண்டும், பணம் ‘பணத்தில்’ ஆக வேண்டும். ஒட்டி முடித்த ஆங்கில வாக்கியம் கைக்கு வந்தபின் இதைச் சரிசெய்ய ஒன்றும் மிஞ்சாது. எந்த விதி மீறப்பட்டது, குறைந்தபட்ச நீளம் 8 என்றால் அந்த 8, இவை தனியாகக் கிடைத்தால் தமிழ் வாக்கியத்தைத் தமிழாகவே எழுதிக்கொள்ளலாம். பைத்தானின் வெப் ஃப்ரேம்வொர்க்கான ஜாங்கோவின் ஆவணம் பிழையோடு குறியீட்டையும் மதிப்புகளையும் தனியே தரச் சொல்வது இதற்கும் உதவுகிறது.

இன்னொன்று பாதுகாப்பு. ‘நீங்கள் தந்த இன்ன மதிப்பு செல்லாது’ என்று வாக்கியம் அமைத்தால், அந்த மதிப்பு கடவுச்சொல்லாக இருக்கும் நாளில் அது அப்படியே லாகில் போய் உட்காரும். மதிப்பு தனிப் புலமாக இருந்தால் லாகில் எழுதும்முன் நீக்கிவிடலாம். வாக்கியத்தில் கரைந்தபின் அதை எப்படித் தேடி எடுப்பது?

‘சின்ன லைப்ரரிக்கு இதெல்லாம் அதிகம், பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்பார்கள். இடம், குறியீடு, மதிப்புகள் மூன்றையும் தாங்கும் கிளாஸ் எழுதப் பத்து வரி ஆகாது. ஆங்கிலச் செய்தியையும் கூடவே வைக்கட்டும். டெர்மினலில் வேலை செய்கிறவருக்கு அது வேண்டும். ஆனால் ‘பிறகு’ என்பதன் விலையை ரூபியின் வெப் ஃப்ரேம்வொர்க்கான ரெயில்ஸில் பார்த்தோம். அங்கே பிழைகள் நெடுங்காலம் ஸ்ட்ரிங் பட்டியல்களாகவே இருந்தன. 2016இல் 5.0 பதிப்பில்தான் எந்த விதி மீறப்பட்டது என்ற விவரம் தனியாகச் சேர்ந்தது. ஒவ்வொரு பிழையும் தனி ஆப்ஜெக்டாக ஆனது 2020இல், 6.1இல். பட்டியலில் நேரே ஸ்ட்ரிங்கைச் சேர்க்கும் பழைய வழக்கத்துக்கு அப்போது எச்சரிக்கை விடுத்து, 7.0இல் அதை எடுத்தே விட்டார்கள். அந்த வழக்கத்தை நம்பி எழுதியிருந்தவர்கள் தங்கள் செயலிகளைத் தேடித் தேடித் திருத்த வேண்டியிருந்தது. ஜாவாவின் பீன் வேலிடேஷனோ 2009இல் முதன்முதலாக வந்தபோதே இடத்தையும், செல்லாத மதிப்பையும், செய்தியின் வார்ப்புருவையும் தனித்தனியாகத் தந்தது.