பிடித்த முயலுக்கு மூன்று கால் இல்லை, மூன்று ஆண்டு சிறை: பொங்கல் லீவில் வேட்டைக்குக் கிளம்பும் முன் தெரிய வேண்டியவை

தை பிறந்தால் திருவண்ணாமலைக்கு இரண்டு கூட்டம் வரும். ஒன்று, மாட்டுப் பொங்கலன்று நடக்கும் திருவூடல் பார்க்கவும் கிரிவலம் போகவும் வருகிற பக்தர் கூட்டம். இன்னொன்று, சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்த்துவிட்டு நாலு நாள் லீவில் சொந்த ஊர் திரும்பும் இளைஞர் கூட்டம். இந்த இரண்டாவது கூட்டத்தின் வாட்ஸ்அப் குரூப்பில் ஆண்டுதோறும் ஒரு மெசேஜ் வந்து விழும்: "மச்சி, காணும் பொங்கலுக்கு முயலுக்குப் போலாமா?"

நெல் அறுத்த வயல், பனி இறங்கும் இரவு, நெற்றியில் டார்ச், கூடவே இரண்டு நாய், நாலு நண்பர்கள். கேட்க ஜாலியாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த ஒரு ராத்திரி, பிடிபட்டவரின் அடுத்த சில ஆண்டுகளைக் கோர்ட்டு வாசலில் கழிக்க வைக்கும். வட, மேற்கு மாவட்டங்களில் காணும் பொங்கல் நெருங்கும்போதெல்லாம் வனத்துறை எச்சரிக்கை விடுவது இதற்காகத்தான். அதை எத்தனை பேர் படிக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

முயல் கூடவா பாதுகாக்கப்பட்ட விலங்கு?

ஆமாம். புலி, யானைக்கு மட்டும்தான் சட்டம் என்ற நினைப்பு தப்பு. நம் ஊர்க் காட்டு முயலின் பெயர் கருங்கழுத்து முயல். வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972-ல் வந்தபோதே இது அட்டவணை நான்கில் இருந்தது. 2022-ல் சட்டம் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் புதிய அட்டவணைகள் நடைமுறைக்கு வந்தன. இப்போது காட்டு முயல் இருப்பது அட்டவணை இரண்டில்.

அதை வேட்டையாடினால் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். திருத்தத்துக்கு முன் அபராத வரம்பு 25 ஆயிரம். வழக்குக்குப் போகாமல் பணம் கட்டி முடித்துக்கொள்ளும் வழியும் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் அதன் உச்ச வரம்பும் 25 ஆயிரத்திலிருந்து ஐந்து லட்சமாக ஏறிவிட்டது. "ஏதாவது ஃபைன் கட்டிட்டு வந்துடலாம்" என்கிற கணக்கு இனி அவ்வளவு சுலபமில்லை.

"பிடிக்கவே இல்ல சார், நாய்தான் துரத்துச்சு"

பிடிபட்டவர்கள் முதலில் சொல்வது இதுதான். சட்டம் இதை முன்பே யோசித்து வைத்திருக்கிறது. வேட்டை என்றால் கொல்வது மட்டும் இல்லை. பிடிப்பது, துரத்துவது, கண்ணி வைப்பது, விரட்டி ஓட்டுவது, இரை வைத்து இழுப்பது எல்லாமே வேட்டை என்றுதான் அதன் விளக்கப் பிரிவு சொல்கிறது. இவற்றுக்கான முயற்சியும் அதில் அடக்கம். முயல் தப்பித்து ஓடிவிட்டாலும், அதன் பின்னால் நாயை ஏவிவிட்டவர் தப்பிக்க முடியாது.

"எங்க சொந்த நிலத்துலதானே?" என்பது அடுத்த கேள்வி. அதுவும் செல்லாது. காப்புக்காடோ, ஏரிக்கரையோ, பட்டா நிலமோ, தடை எல்லா இடத்துக்கும் பொருந்தும். காப்புக்காட்டுக்குள் போயிருந்தால் 1882-ம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டமும் கூடச் சேரும். வேட்டைக்குப் போன பைக், வலை, துப்பாக்கி எல்லாம் பறிமுதலாகும். ரீல்ஸ் போடுவதற்காக எடுத்த வீடியோ, கடைசியில் வழக்குக்கு ஆதாரமாகிவிடும்.

கிரிமினல் வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட் கிடைப்பதே சிக்கல். ஆன்சைட் வாய்ப்புக்குக் காத்திருக்கிறவர்கள், அரசுத் தேர்வு எழுதிக்கொண்டிருக்கிறவர்கள் இதை ஒரு நிமிடம் யோசிப்பது நல்லது.

பண்ணை முயல் வேறு, காட்டு முயல் வேறு

தமிழில் இரண்டுக்கும் ஒரே பெயர் என்பதால் குழப்பம் வருகிறது. கூண்டில் வளர்க்கும் வெள்ளை முயல் ஐரோப்பிய இனத்திலிருந்து வந்தது. அதன் காட்டு மூதாதை வளை தோண்டி வாழும். குட்டிகள் ரோமம் இல்லாமல், கண் மூடியபடி பிறக்கும். நம் காட்டு முயல் வளை தோண்டாது. புல் மறைவில் ஒரு சிறு பள்ளத்தில் படுத்துக் கிடக்கும். குட்டிகள் ரோமத்தோடு, கண் திறந்தபடியே பிறக்கும். அதன் ஒரே பாதுகாப்பு, அசையாமல் படுப்பதும் கடைசி நொடியில் பாய்ந்து ஓடுவதும்தான். டார்ச் வெளிச்சத்தில் கண் கூசி உறைந்து நிற்கும் முயலை அடிப்பதில் வீரம் எங்கே இருக்கிறது?

சரி, வளர்ப்பு முயலை விட்டு நாய்களை ஓட வைக்கலாமா? அதுவும் கூடாது. பொழுதுபோக்குக்காக ஒரு விலங்கை இன்னொன்றுக்கு இரையாக்குவதை 1960-ம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம் குற்றம் என்கிறது.

நாய் வளர்ப்பவர்கள் கேட்பதிலும் நியாயம் உண்டு

கன்னி, சிப்பிப்பாறை போன்ற நம் நாட்டு நாய்கள் முயல் வேட்டையால்தான் உருவாயின. கண்ணால் பார்த்து, வேகத்தால் மடக்கும் இனங்கள் இவை. இன்று நகரத்து ஃபிளாட்டுகளில் பிரபலமாகிவிட்ட பீகிள், இங்கிலாந்தில் மோப்பத்தால் முயலைத் தேடுவதற்காக வளர்க்கப்பட்ட இனம். "ஓட விடலன்னா இந்த நாய்களோட குணமே போயிடும்" என்று வளர்ப்பவர்கள் சொல்வதைச் சும்மா ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் பீகிளின் சொந்த ஊரே இந்தக் கேள்விக்கு ஒரு பதில் கண்டிருக்கிறது. 2004-ல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, 2005 பிப்ரவரி முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நாய்களை வைத்துக் காட்டு முயலை வேட்டையாடுவது குற்றம். வளை முயலுக்கு மட்டும் நில உரிமையாளர் அனுமதியோடு விலக்கு உண்டு. நாய்கள் அங்கே அழிந்துவிடவில்லை. எந்திரம் இழுக்கும் துணிக்குப் பின்னால் ஓட விடுகிறார்கள். வாசனைத் தடம் போட்டு மோப்பம் பிடிக்க விடுகிறார்கள். அறுவடை முடிந்த வயலில் இதை இங்கேயும் செய்யலாம். நாய்க்குத் தேவை ஓட்டம். ஒரு உயிர்தான் முன்னால் ஓட வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

மலையைச் சுற்றி என்ன ஆகிறது?

அண்ணாமலையைச் சுற்றியுள்ள 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதைக்கு ஒரு பக்கம் காப்புக்காடு, மறுபக்கம் வளர்ந்துகொண்டே போகும் ஊர். தண்ணீர் தேடி இறங்கும் புள்ளிமான்களை நாய்கள் கடித்துக் குதறுவது இந்த ஊருக்குப் பழகிப்போன செய்தி. வேட்டைக்காகக் காட்டுக்குள் நாய்களைக் கூட்டிப் போவது இந்தச் சிக்கலை இன்னும் பெரிதாக்கும். முயலைத் துரத்தும் நாய்க்கு மான் குட்டி தெரியாதா? நாய்கள் நோயையும் கொண்டுபோகும். நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் வைரஸ், 2018-ல் குஜராத்தின் கிர் காட்டில் இறந்த சிங்கங்களிடம் கண்டறியப்பட்டது.

முயல் சின்ன உயிர்தான். ஆனால் நரி, காட்டுப்பூனை, மலைப்பாம்பு, பெரிய ஆந்தை எல்லாம் அதை நம்பி வாழ்கின்றன. முயல் குறைந்த புதர்க்காட்டில் இவற்றுக்கும் இரை குறையும்.

"மல்லாட்டையைத் தின்னுட்டுப் போகுதே?"

செங்கம், தண்டராம்பட்டு பக்கத்து விவசாயியின் இந்தக் கேள்வியை ஜாலி வேட்டையோடு சேர்க்கக் கூடாது. பயிருக்குச் சேதம் விளைவிக்கும் அட்டவணை இரண்டு விலங்குக்கு எதிராக நடவடிக்கை எடுக்க, தலைமை வனவிலங்குக் காப்பாளரின் அனுமதியோடு சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் அது சாதாரண விவசாயிக்கு எட்டும் தூரத்தில் இல்லை. அந்தத் தூரத்தைக் குறைப்பது அரசின் வேலை.

இன்னொன்றும் உண்டு. 1972 சட்டம் வந்ததும் வேட்டையையே பிழைப்பாகக் கொண்டிருந்த நரிக்குறவர்கள் ஒரே நாளில் குற்றவாளிகளானார்கள். பழங்குடியினர் பட்டியலில் இடம் கிடைக்க அவர்கள் 2023 வரை காத்திருந்தார்கள். வயிற்றுக்காக வேட்டையாடியவர்களை அரை நூற்றாண்டாக விலக்கி வைத்த சட்டம், பொழுதுபோக்குக்காகக் காரில் வந்து இறங்குபவர்களிடம் மட்டும் கண்ணை மூடிக்கொண்டால் அது நியாயமா?

என்ன செய்ய வேண்டும்?

வனத்துறை பொங்கலுக்கு முதல் நாள் ஒரு செய்திக்குறிப்பு விட்டால் போதாது. மார்கழி தொடக்கத்திலேயே ஊராட்சிகளிலும் கல்லூரிகளிலும் நாய் வளர்ப்போர் குழுக்களிலும் இதை எடுத்துச் சொல்ல வேண்டும். ரோந்து ஏழையின் குடிசை வாசலோடு நின்றுவிடாமல், இரவில் காட்டோரம் நிற்கும் கார்களையும் சோதிக்க வேண்டும். உயிரில்லாத இலக்கை வைத்து நாய் ஓட்டம் நடத்த விரும்புவோருக்கு மாவட்ட நிர்வாகம் இடமும் விதிமுறையும் தரலாம்.

இளைஞர்கள் செய்ய வேண்டியது இன்னும் எளிது. குரூப்பில் அந்த மெசேஜ் வரும்போது யாராவது ஒருவர், "வேணாம் மச்சி, கேஸ் ஆயிடும். நாயைக் கூட்டிக்கிட்டு வயலுக்குப் போலாம், துணி கட்டி ஓட விடலாம்" என்று பதில் போட்டால் போதும். லீவும் கெடாது, முயலும் பிழைத்துக்கொள்ளும்.